மனசு சரியில்லாதபோது உறவுக்கு என்ன ஆகிறது?

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு அவுட்பில்டிங் இருக்கிறது. டர்பன்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரிய வீட்டை ஒட்டாமல் முற்றத்தில் தனியாகக் கட்டிய இரண்டு அறை, கல்யாணமான பிள்ளைகள் பெரும்பாலும் அங்கேதான் குடித்தனம் தொடங்குவார்கள். அண்ணனும் அண்ணியும் அவர்கள் மகளும் அங்கே இருக்கிறார்கள். நாலு வருடத்துக்கு முன், குளிர்காலத்தில், கோயிலில் ஆடிக்கூழ் ஊற்றுகிற சமயம், அண்ணன் பெரிய வீட்டுக்குள் வருவதை நிறுத்திவிட்டார்.

சோறு கொண்டுபோய் வைத்தால் பாதி அப்படியே திரும்பி வரும். "என் கைச் சமையல் அவனுக்குப் பிடிக்காமப் போச்சு" என்றார் அம்மா. அண்ணி என்னிடம் வந்து, "வேற யாரோடயோ பேச்சு இருக்கு, அதான் என் முகத்தையே பார்க்கிறதில்லை" என்று அழுதார். அவரோடு மீன் பிடிக்கப் போகும் சிநேகிதர்கள், "பெரிய ஆளாயிட்டான், போனை எடுக்கிறதில்லை" என்றார்கள். நானோ, கொடுத்த கடனை ஒருநாள் திருப்பிக் கேட்டுவிட்டேன், அதனால்தான் என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். நாலு தரப்புக்கும் நாலு காரணம் இருந்தது. நாலும் தப்பு. அவருக்கு வந்திருந்தது மனச்சோர்வு என்கிற நோய்.

அண்ணன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அந்த நாலு தப்பான காரணங்களும் எப்படி வந்தன என்பது புரிந்தால் இந்த விஷயத்தில் பாதி புரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

காய்ச்சல் வந்தால் உடம்பு சுடும், தொட்டுப் பார்த்தால் தெரியும். கால் முறிந்தால் கட்டுப் போடுவார்கள், அதைப் பார்த்ததும் யாரும் "ஏன் ஓடவில்லை" என்று கேட்க மாட்டார்கள். மனநோயின் அறிகுறிகள் அப்படித் தெரிவதில்லை. ஒருவர் நம்மிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதாகத்தான் அவை வெளியே வருகின்றன. பேசாமல் இருப்பது, எரிந்து விழுவது, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போவது, ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்பது, எல்லாமே நம்மைக் குறிவைத்துச் செய்தவை போலத் தோன்றும். நாம் அவற்றை அறிகுறியாக எடுத்துக்கொள்வதில்லை, நமக்கு அனுப்பிய சேதியாக எடுத்துக்கொள்கிறோம். கோபம், வெறுப்பு, அலட்சியம், துரோகம் என்று நமக்குத் தெரிந்த பெயர் ஒன்றை அதற்கு வைக்கிறோம். பெயர் வைத்த அன்றிலிருந்து நாமும் அதற்குத் தக்கபடி நடக்கத் தொடங்குகிறோம்.

மனச்சோர்வையே எடுத்துக்கொள்வோம். சோகமாக இருப்பதுதான் மனச்சோர்வு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அண்ணன் அழவே இல்லை. அவருக்கு எதிலும் ஆசை இல்லாமல் போயிருந்தது. இங்கே ஜூன், ஜூலையில் தெற்குக் கடற்கரைக்குச் சார்டின் மீன் கூட்டமாக வரும். வந்துவிட்டது என்று ஒரு சேதி வந்தால் போதும், வாளியும் கூடையுமாக ஜனங்கள் ஓடுவார்கள், அண்ணன் எல்லோருக்கும் முன்னால் ஓடுவார், நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதிலிருந்து அப்படித்தான். அந்த வருடம் சிநேகிதர் ஒருவர் முற்றத்தில் வந்து நின்று, "மீன் வந்திருச்சுடா, கிளம்பு" என்று கத்தினார். அண்ணன் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டார். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

ருசி போவது, தூக்கம் கெடுவது, உடம்பு கல்லாகக் கனப்பது, யோசிக்கவே முடியாதது, "நான் எல்லோருக்கும் பாரம்" என்ற எண்ணம் விடாமல் அரிப்பது, இவற்றில் பல சேர்ந்து இரண்டு வாரமாவது பெரும்பாலான நேரம் இருந்தால் டாக்டர்கள் மனச்சோர்வு என்று சந்தேகிப்பார்கள். ஆண்களிடம் அது பல நேரம் எரிச்சலாகவோ குடியாகவோ தலைகாட்டும், அதனால் வீட்டுக்காரர்கள் குடியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், அதற்குப் பின்னால் இருப்பது யார் கண்ணிலும் படாது.

"நான் பாரம்" என்ற அந்த எண்ணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள், ஏனென்றால் உறவை முதலில் அறுப்பது அதுதான். தன்னைப் பாரமாக நினைப்பவர், நம்மேல் உள்ள அக்கறையில்தான் விலகுகிறார், தான் இல்லாவிட்டால் இவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்று நினைக்கிறார். நமக்கோ, நம்மைப் பிடிக்காமல் விலகுகிறார் என்று படுகிறது. மனசு நொந்து நாமும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறோம். "உனக்கு என்ன குறை? வேலை போனவன் நீ ஒருத்தன்தானா?" என்று நானே ஒருநாள் கேட்டேன், வாசல்படியில் நின்றுகொண்டு, அண்ணி கேட்கும்படி. அவர் பதில் சொல்லவில்லை. நான் பாரம்தான் என்பதற்கு அவருக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. இன்னும் உள்ளே போனார். அவர் உள்ளே போகப் போக நாங்கள் இன்னும் சத்தமாகக் கேட்டோம். இந்த வட்டம் புரிவதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன்: நோய் விலக வைக்கிறது, விலகலை நாம் அவமதிப்பாக எடுத்துக்கொள்கிறோம், அந்தக் கோபம் நோய்க்குத் தீனி ஆகிறது. யாரும் கெட்டவர்கள் இல்லாத வீட்டிலும் இந்த வட்டம் சுற்றும்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. சிலர் விலக மாட்டார்கள், ஒட்டிக்கொள்வார்கள். "என்மேல கோபமா? நிஜமா இல்லையா? அப்புறம் ஏன் முகம் அப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கோபம் இல்லை என்று சொன்னால் ஐந்து நிமிடம் நிம்மதி, அப்புறம் மறுபடி சந்தேகம். கேட்கப்படுபவர் பத்தாவது தடவை நிஜமாகவே எரிச்சலாகிவிடுவார், "பார்த்தியா, நான் சொன்னேன்ல" என்பார் இவர். ஜேம்ஸ் காயின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1976ல் இதைத்தான் எழுதினார்: மனச்சோர்வு ஒருவர் மண்டைக்குள் மட்டும் நடப்பதில்லை, அவருக்கும் சுற்றியிருப்பவர்களுக்கும் நடுவே நடக்கும் பேச்சும் அதை வளர்க்கிறது.

பதற்றக் கோளாறு வேறு மாதிரி வேலை செய்யும். என் மாமா மகள் ஒருத்தி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகும் என்3 நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, கை மரத்து, செத்துப்போகிறோம் என்றே நினைத்துவிட்டாள். பீதித் தாக்குதல் என்பார்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும், உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் முதல் தடவை இதயத்தைப் பரிசோதித்துக்கொள்வதுதான் சரி. அவள் பரிசோதித்துக்கொண்டாள், ஒன்றுமில்லை. அதற்கப்புறம் நெடுஞ்சாலையைத் தவிர்த்தாள். பிறகு தனியாகக் கார் ஓட்டுவதை. பிறகு தனியாகக் கடைக்குப் போவதை. பாசக்கார மனுஷன் அவள் புருஷன், வேலைக்கு அவரே கொண்டுபோய் விட்டார், மாலையில் கூட்டி வந்தார், சனிக்கிழமைப் பந்தாட்டத்தை விட்டார். ஒரு வருடம் அப்படிப் போனது. அவருக்கு உள்ளே புகைந்தது, சொல்லவில்லை. அவளுக்கு அது தெரிந்தது, கேட்கவில்லை.

இதில் வில்லங்கம் என்னவென்றால், அவர் செய்த உதவிதான் பயத்தை வளர்த்தது. பயந்ததைத் தவிர்க்கிற ஒவ்வொரு தடவையும் இன்றைக்கு நிம்மதி, ஆனால் "தவிர்த்ததால்தான் தப்பித்தோம்" என்று மூளை கற்றுக்கொள்கிறது. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் எண்ணச் சுழல் நோயிலும் இதே கதைதான், வீட்டார் எல்லோரும் சேர்ந்து கதவுப் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். உளவியல் நிபுணர் சொன்ன வழி எளிமையானது, செய்வது கஷ்டமானது: புருஷன் பக்கத்தில் உட்கார, அவளே ஒரு வெளியேறும் வழி வரைக்கும் ஓட்டுவது, அடுத்த வாரம் இரண்டு, அப்புறம் அவர் வேறு காரில் பின்னால் வருவது. கூடவே இருந்தார், ஆனால் அவளுக்குப் பதிலாக அவர் ஓட்டவில்லை. சனிக்கிழமை பந்தாட்டத்துக்கும் திரும்பப் போனார், அவளே அனுப்பி வைத்தாள்.

இருமுனைக் கோளாறில் ஏறுமுகம் வரும்போது ஆளுக்குத் தூக்கம் வேண்டாம், பேச்சு மழையாகக் கொட்டும், பெரிய பெரிய திட்டம், கையில் இல்லாத பணத்தைச் செலவழிப்பது. அது இறங்கியதும் கடனும் வெட்கமும்தான் மிச்சம். இந்த நோயில் குடும்பத்துக்கு முதலில் அடிபடுவது நம்பிக்கை. தெளிவாக இருக்கும் நாளில் இரண்டு பேரும் உட்கார்ந்து, தூக்கம் குறையத் தொடங்கினால் வங்கி அட்டை யார் கையில், யார் டாக்டரைக் கூப்பிடுவது என்று பேசி எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மனச்சிதைவு போன்ற நோய்களில் சந்தேகம் வரும், அது பெரும்பாலும் பக்கத்தில் இருப்பவர்மேலேயே விழும், சோறு போடுகிறவரே விஷம் வைக்கிறார் என்று தோன்றும். "அப்படி ஒன்றும் இல்லை" என்று வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை, ஆமாம் போடவும் கூடாது. "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது, நான் இங்கேயே இருக்கேன்" என்று பயத்தோடு பேசலாம்.

வீட்டுச் சூழல் நோயை எவ்வளவு பாதிக்கும் என்பதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர். 1950களின் கடைசியில் லண்டனில், நீண்ட காலம் மருத்துவமனையில் இருந்து வெளியே வந்த மனச்சிதைவு நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்தார். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைவிட, வாடகை அறைக்குப் போனவர்களுக்கு நோய் திரும்புவது குறைவாக இருந்தது. படிக்கும்போது எனக்கு நெஞ்சில் குத்தியது, வீடுதானே மருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பிறகு வந்த ஆய்வுகள் காரணத்தைத் துல்லியமாகக் காட்டின: ஓயாத குறைகூறல், வெறுப்பு, அப்புறம் மூச்சுமுட்டும் அளவுக்குத் தாங்குவது. 1976ல் கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃபும், இப்படிப்பட்ட வீடுகளில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் இருந்தவர்களுக்கு நோய் அதிகம் திரும்பியதைக் காட்டினார்கள். குடும்பம்தான் நோயை உண்டாக்கியது என்று இதற்கு அர்த்தமே இல்லை, களைத்துப்போன குடும்பம் எப்படிப் பேசும் என்பதுதான் இதில் தெரிகிறது. மூன்றாவது விஷயத்தை நம்மவர்கள் கவனிக்க வேண்டும். ஊட்டிவிடுவது, பக்கத்திலேயே படுப்பது, நிமிடத்துக்கு ஒரு தடவை "எப்படி இருக்கு" என்பது, பிள்ளைக்காகத் தன் சாப்பாட்டை விடுவது, இதெல்லாம் நம் வீட்டில் பாசத்தின் அடையாளம். முடியாதவருக்கு அது சில நேரம் கழுத்தில் கட்டிய கல்.

இத்தனைக்கும் 1980களில் இந்தியாவில் சண்டிகரில் இதே மாதிரி ஆய்வு செய்து பார்த்தபோது, அங்கிருந்த குடும்பங்களில் குறைகூறல் லண்டன் குடும்பங்களைவிடக் குறைவாகவே இருந்தது. பொறுமை நமக்கு வராத குணமில்லை.

கணவன் மனைவி விஷயத்தில் வெளியே பேசப்படாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மனச்சோர்வு உடல் நெருக்கத்தில் உள்ள ஆசையைக் கொல்லும். அதற்குக் கொடுக்கும் மாத்திரைகளில் பலவும் அதையே இன்னும் கொஞ்சம் குறைக்கும். அண்ணிக்கு இதை யாரும் சொல்லவில்லை. புருஷன் தன்னைத் தொடுவதில்லை, கேட்டால் திரும்பிப் படுக்கிறார், வேறு என்ன நினைப்பார் ஒரு பெண்? கிளினிக்கில் ஒரு நர்ஸ், அண்ணியை மட்டும் தனியாக உட்கார வைத்து, இது மாத்திரையின் பக்கவிளைவு, டோஸ் மாற்றலாம், மாத்திரை மாற்றலாம், டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள் என்று சொன்னபோது, அண்ணி அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஒன்றரை வருடம் ஒரு இல்லாத பெண்ணோடு சண்டை போட்டிருக்கிறார். இந்த மாத்திரைகள் வேலை செய்ய சில வாரங்கள் ஆகும், பக்கவிளைவோ முதல் வாரமே வந்துவிடும், அதனால் "இது ஒண்ணும் கேக்கலை" என்று பாதியில் நிறுத்துபவர்கள் அதிகம். திடீரென்று நிறுத்துவது உடம்புக்கு ஆகாது, டாக்டரிடம் சொல்லித்தான் குறைக்க வேண்டும்.

குழந்தைகளுக்குச் சொல்லாமல் மறைத்தால் அவர்கள் தாங்களாகவே ஒரு கதை கட்டிக்கொள்வார்கள், அந்தக் கதையில் தப்பு எப்போதும் அவர்களுடையதாக இருக்கும். அண்ணன் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. "நான் மார்க் குறைச்சு வாங்கினதாலதான் அப்பா பேசலையா?" என்று என்னிடம் கேட்டாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அது மனசில் வரும் நோய், நீ எதுவும் செய்யவில்லை, டாக்டர் பார்க்கிறார், இவ்வளவு சொன்னால் போதும்.

நம் ஜனங்களிடம் இதை வெளியே சொல்வதில் இருக்கும் தயக்கம் எனக்குத் தெரியும். பெண் பார்க்க வரும்போது தடையாகும், சொந்தக்காரர் வாயில் விழ வேண்டும், "நரம்புக் கோளாறு" என்று மூடி வைப்போம். யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்று எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார் பெரியம்மா. அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். அதை நான் தடுக்கவில்லை, கோயில் அம்மாவைத் தாங்கியது. ஆனால் கோயிலுக்குப் போன காலோடு கிளினிக்குக்கும் போக வேண்டும், ஒன்றுக்காக இன்னொன்றைத் தள்ளிப் போடக் கூடாது. 2002 முதல் 2004 வரை இந்த நாட்டில் 4,351 பேரிடம் எடுத்த பெரிய ஆய்வில், சுமார் 30 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை வந்திருந்தது. ஆய்வுக்கு முந்தின ஒரு வருடத்தில் பிரச்சினை இருந்தவர்களில் நாலில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையை நாடியிருந்தார். நம் தெருவில் எத்தனை ஜன்னல் திரைகள் மூடியிருக்கும் என்று இதை வைத்து யோசித்துக்கொள்ளலாம்.

சட்டம் உறவுக்குள் நுழையும் இடம் ஒன்று உண்டு. 2002ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, தானாகச் சிகிச்சைக்கு வர மறுக்கும் ஒருவரால் அவருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து என்றால், கணவன், மனைவி, பெற்றோர், நெருங்கிய உறவினர் போன்றவர்கள் விண்ணப்பம் கொடுக்கலாம். கொடுப்பவர் அவரைக் கடைசி ஏழு நாளுக்குள் பார்த்திருக்க வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் 72 மணி நேரம் வைத்துப் பரிசோதிப்பார்கள். அந்தத் தாளில் போடும் கையெழுத்தை மன்னிக்க சிலருக்கு வருடக் கணக்காகும். உயிர் போவதைவிட அந்தக் கோபத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து, ஆனால் நல்லபடியாக இருக்கும்போதே, "நிலைமை மீறினால் நான் கையெழுத்துப் போடுவேன்" என்று சொல்லி வைப்பது இரண்டு பேருக்கும் நல்லது.

அதேபோல, நோய் என்பதற்காக அடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் அடிப்பவர்கள் அல்ல. அடிக்கிற வீடாக இருந்தால், 1998ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டப்படி மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். அவருக்குச் சிகிச்சையும் வேண்டும், உங்களுக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

சிநேகிதர்கள் என்ன செய்யலாம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அண்ணனின் சிநேகிதர் ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். விஷயம் தெரிந்த அந்த வாரத்திலிருந்து, சனிக்கிழமை தோறும் வந்து அவுட்பில்டிங் வாசல்படியில் உட்கார்ந்து, தூண்டில் நரம்பைப் பிரித்துக் கொக்கி கட்டிக்கொண்டிருப்பார். அறிவுரை கிடையாது, "மனசை தைரியமா வச்சுக்க" கிடையாது. ஒரு மணி நேரம் இருப்பார், "அடுத்த வாரம் வர்றேன்டா" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார். ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ அண்ணன் வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "எந்த உதவி வேணும்னாலும் கேளு" என்று சொல்வதில் பயனில்லை, முடியாதவரால் கேட்க முடியாது, அதுதான் நோயே. இன்ன நாள், இன்ன நேரம், இதற்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வர வேண்டும். பதில் வராத வாட்ஸ்அப்புக்கு நீல டிக்கைப் பார்த்துக் கோபப்படாமல் மறுபடி ஒன்று அனுப்ப வேண்டும்.

அவர் வாயில் சாவு பற்றிய பேச்சு வந்தால், அல்லது திடீரென்று சாமான்களைக் கொடுக்கத் தொடங்கினால், நேராகக் கேளுங்கள்: "தற்கொலை பண்ணிக்கலாம்னு தோணுதா?" கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது, அது வெறும் பயம். தனியாக விடாதீர்கள். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு மற்றும் பதற்றக் குழு என்று ஒன்று இருக்கிறது, சாடாக் என்பார்கள், பீதி நோயால் தானே அவதிப்பட்ட ஜேன் வில்சன் என்ற பெண்மணி 1994ல் தொடங்கியது. அவர்களுடைய தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567. அவர்கள் ஆதரவுக் குழுக்களும் நடத்துகிறார்கள். பார்த்துக்கொள்பவர்களுக்கும் பேச ஆள் வேண்டும், அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு ஏறியதும் அண்ணி பத்து கிலோ இளைத்ததும் அந்த ஒன்றரை வருடத்தில்தான்.

அண்ணன் இப்போது வேலைக்குப் போகிறார், மாத்திரை சாப்பிடுகிறார், நல்ல மாதமும் வருகிறது, கெட்ட வாரமும் வருகிறது. எங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பேச முடியாத நாளில் குடும்பக் குழுவில் அவர் ஒரே ஒரு எழுத்து அனுப்புவார்: "ம்". அதற்கு அர்த்தம், இன்றைக்கு முடியவில்லை, உங்கள்மேல் கோபம் இல்லை. அதைப் பார்த்தால் யாரும் போய்க் கதவைத் தட்ட மாட்டோம், சோற்றை வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவோம், அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு பெரிய வீட்டுக்கு வந்து டீ குடிப்பார். போன செவ்வாய்க்கிழமை ஒரு "ம்" வந்தது. அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, "சரி, இன்னைக்கு ரசம் மட்டும் வைக்கிறேன், தொண்டையில இறங்கும்" என்று எழுந்து போனார்.